பெரும்பாடு: கருப்பையை எடுத்தால் தீர்ந்துவிடுமா?

மாதவிடாயில் அளவுக்கு மீறிப் போகும் இரத்தத்தை நம் பாட்டிமார் 'பெரும்பாடு' என்றார்கள். சித்த மருத்துவமும் இதே பெயரைத்தான் சொல்கிறது. இது ஒரு அறிகுறி. அதற்குப் பின்னால் பல நோய்கள் இருக்கலாம்.

நவீன மருத்துவமும் நெடுங்காலம் இதற்குக் குழப்பமான பெயர்களையே வைத்திருந்தது. 2011இல்தான் பன்னாட்டு மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு காரணங்களை ஒன்பது வகையாகப் பிரித்து வெளியிட்டது. சதை வளர்ச்சி, ஃபைப்ராய்டு கட்டி, புற்றுநோய், இரத்தம் உறையாமை, தைராய்டு போன்றவற்றால் கருமுட்டை ஒழுங்காக வெளிவராமை, வேறு நோய்க்கு உண்ட மருந்து எனப் பட்டியல் நீள்கிறது. காரணம் வேறானால் சிகிச்சையும் வேறு. பலருக்கு மாத்திரையோ, ஹார்மோன் உள்ள கருப்பை வளையமோ போதும். இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் ஜப்பானில் உதாகோ ஒகமோதோ என்ற பெண் மருத்துவரும் அவர் கணவரும் கண்டறிந்தது. 1962 முதல் அறியப்பட்ட மலிவான மருந்து அது. பெரும்பாலோருக்குக் கருப்பையை அகற்றுவது கடைசிப் படிதான்.

ஆனால் ஏழைப் பெண்களுக்கு அந்தக் கடைசிப் படியே முதல் படியானது எப்படி?

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தைப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் அங்கிருந்து லட்சக்கணக்கானோர் கரும்பு வெட்டப் புலம்பெயர்கிறார்கள். தலித்துகள், வஞ்சாரிகள், நாடோடிப் பழங்குடிகள் எனப் பெரும்பாலும் நிலமற்றவர்கள், சிறு நிலத்தார். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே 'கோய்தா', அதாவது ஒரே அரிவாள் என்று கணக்கு. முன்பணம் தந்த முகாதம் ஒருநாள் வராவிட்டால் தண்டம் பிடிப்பார். கூடாரத்தில் கழிப்பறையும் இல்லை, தண்ணீரும் இல்லை. அந்த நிலையில் மாதவிடாய் கூலியிழப்பாகிறது. வயிற்றுவலி என்று தனியார் மருத்துவமனைக்குப் போனால், "எடுத்துவிடு, இல்லையென்றால் புற்றுநோய் வரும்" என்ற பயமுறுத்தல். 2019இல் அரசுக் குழுவின் கணக்கெடுப்பில் 82,309 பெண் கரும்புத் தொழிலாளர்களில் 13,861 பேர் கருப்பையை இழந்திருந்தார்கள். சுமார் 17 விழுக்காடு. நாடு முழுவதும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இது சுமார் 3 விழுக்காடுதான்.

பீட் மட்டுமல்ல. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் நடந்த தேவையற்ற அறுவைகளை எதிர்த்து மருத்துவர் நரேந்திர குப்தா உச்சநீதிமன்றம் போனார். 2008இல் வந்த தேசிய சுகாதாரக் காப்பீட்டுத் திட்டத்தின் பணம் இதற்குத் தூண்டுகோலானது என்பதும், பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள் என்பதும் அவர் வைத்த வாதம். 2023 ஏப்ரலில் நீதிமன்றம், ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

தோழர்களே, அறுவையே கூடாது என்பதல்ல நம் வாதம். புற்றுநோய்க்கும் சில கட்டிகளுக்கும் அது உயிர் காக்கும். ஆனால் காரணம் தேடாமல் அறுப்பது சிகிச்சை ஆகாது. சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த இளம்பெண்ணுக்கு உடனே மாதவிடாய் நின்று, எலும்பு தேயத் தொடங்கும். அப்புறம் அரிவாள் பிடிக்கும் தெம்பு ஏது?

எட்டு நாளுக்கு மேல் இரத்தம் போனாலோ, ஒரு மணி நேரத்தில் பேட் நனைந்தாலோ, மாதவிடாய் நின்ற பிறகு மீண்டும் கண்டாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஊருக்குப் போகும்போது அக்காமாரிடம் இதைச் சொல்லுங்கள். "என்ன காரணம்? ஸ்கேன் என்ன சொல்கிறது? மருந்தில் சரியாகாதா?" என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.