நெஞ்சைக் காக்கும் நீர்ப்பூட்டு

நெஞ்சில் வடிகுழாயோடு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகள் இன்று உண்டு. சேக்காட்டிலோ ஆவடியிலோ ஒரு வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அக்குழாயைக் காப்பது வீட்டாரின் பொறுப்பாகிறது. அதன் வரலாற்றை அறிந்தவர்க்கு, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது எளிதில் விளங்கும்.

நுரையீரலைச் சூழ்ந்து இரண்டு மெல்லிய உறைகள் உள்ளன. அவற்றின் இடையே உள்ள அழுத்தம் வெளிக் காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவு. ஏறத்தாழ 5 செ.மீ. உயர நீரின் அழுத்தம் அளவுக்குக் குறைவு எனலாம். நுரையீரல் சுருங்காமல் விரிந்து நிற்பது இதனால்தான். உறைகளுக்கிடையே சீழ் கட்டினால் அதை வெளியேற்ற வேண்டும். ஆனால் நெஞ்சைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்துவிடும், நுரையீரல் சுருங்கிவிடும். சீழ் வெளியே வர வேண்டும், காற்று உள்ளே போகக் கூடாது. என் செய்வது?

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகர மருத்துவர் கோட்ஹார்ட் பியூலாவ் 1875இல் கையாண்ட முறை மிக எளியது. நெஞ்சிலிருந்து வரும் குழாயின் மறுமுனையை, கீழே வைத்த பாத்திரத்தின் நீரில் அமிழ்த்தினார். மூச்சு விடும்போது சீழும் காற்றும் வெளியேறின. மூச்சை இழுக்கும்போது குழாயில் நீர் சிறிது ஏறியதே தவிர, காற்று நுழையவில்லை. பாத்திரம் நன்கு தாழ இருந்ததால் நீரும் நெஞ்சை எட்டவில்லை. நீரே ஒருவழிக் கதவாயிற்று! 1891இல் அவர் இம்முறையை வெளியிட்டார்.

இதன் அருமை 1918இல் தெரிந்தது. அமெரிக்கப் படைமுகாம்களில் நிமோனியா கண்ட வீரர் பலருக்கு நெஞ்சில் சீழ் கட்டியது. நோயின் தொடக்கத்திலேயே நெஞ்சைத் திறந்து சீழை எடுத்தார்கள். சராசரியாக நூற்றுக்கு 30 பேர் மாண்டனர். எவார்ட்ஸ் கிரஹாம் இடம்பெற்ற குழு காரணத்தை ஆராய்ந்து, காற்றுப் புகாமல் சீழை எடுக்கச் சொன்னது. இறப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கியது.

இவையெல்லாம் மருத்துவமனைக்குள் நடந்தவை. கடுமையான நெஞ்சு நோயை வீட்டில் வைத்துக் கவனிக்க முடியுமா? காசநோயைப் பொறுத்தவரை இதற்கு விடை நம் சென்னையில் கிடைத்தது. 1956இல் இங்கு தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு வீட்டிலும் ஓராண்டு சிகிச்சை அளித்தது. 1959இல் வெளியான முடிவின்படி, இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். அது மருந்தைப் பற்றிய ஆய்வு. குழாயைப் பற்றியது அன்று. ஆயினும், முறையான மேற்பார்வை இருந்தால் வீடும் சிகிச்சைக்குரிய இடமே என்பதை அது உலகுக்குக் காட்டியது.

குழாயோடு நடமாட வழி செய்தது, அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹைம்லிக் 1960களில் அமைத்த ரப்பர் வால்வு. பின்னர், புற்றுநோயால் நெஞ்சிலோ வயிற்றிலோ அடிக்கடி நீர் சேர்பவர்க்கு, வீட்டிலேயே நீரை வடிக்கும் குழாய்களும் வந்தன.

நீர்ப்பூட்டுப் புட்டியோடு வீட்டில் இருப்பவர்க்கு இன்றும் பியூலாவின் விதிகளே பொருந்தும். புட்டி எப்போதும் நெஞ்சுக்குக் கீழே, சாயாமல் நிற்க வேண்டும்; உயர்த்தினால் வெளியேறிய நீர் உள்ளே திரும்பிவிடும். குழாய் மடங்கக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் அதை அடைத்து வைக்கவும் கூடாது. நுரையீரலிலிருந்து கசியும் காற்று வெளியேற வழியின்றி நுரையீரலையே நெருக்கும். சோப்பால் கை கழுவிய பின்பே குழாயைத் தொடுக. காய்ச்சல், மூச்சுத் திணறல், குழாயைச் சுற்றிச் சிவப்பு, குழாய் நழுவுதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பள்ளியில் படித்த நீரழுத்தப் பாடம் ஓர் உயிரைக் காக்கும் இடம் இது.