இரண்டு பிள்ளைகள், ஒரு தாய்: திருவிழாக் காதல் கதையும் தத்துச் சட்டமும்

விடுமுறைக் காதல் கதைக்கென்று ஒரு வார்ப்பு உண்டு. பெருநகரத்தில் வேலை பார்க்கும் மணமாகாத பெண் பண்டிகைக்காக ஒரு சிற்றூருக்கு வருகிறாள். அங்கே பெற்றோரை இழந்த அக்காவும் தம்பியும் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஊரிலேயே இருக்கும் ஒருவன்மீது அவளுக்கு மனம் போகிறது. பண்டிகை முடிவதற்குள் அவளுக்குக் கணவனும் பிள்ளைகளுக்குத் தாய் தந்தையும் கிடைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஹால்மார்க் தொலைக்காட்சி 2009 முதல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் வரிசை வரிசையாக ஒளிபரப்பிவரும் படங்கள் இத்தகைய கதைகளுக்குப் பெரிய சந்தையை உருவாக்கின. தமிழ்த் தொடர்கதைகளுக்கும் இந்த மனநிலை புதிதல்ல. இந்த வார்ப்பு முழுவதும் ஓர் எடுகோளின்மேல் நிற்கிறது. அவள் தனியாள், அதுதான் தடை, திருமணம் நடந்தால் தடை நீங்கிவிடும் என்பதே அந்த எடுகோள்.

தமிழகத்தின் சட்ட வரலாற்றை வைத்துப் பார்த்தால் இந்த எடுகோள் நிற்காது. மணமாகாத இந்துப் பெண்ணுக்குத் தத்தெடுக்கும் உரிமை 1956-லேயே கிடைத்துவிட்டது. அவளுக்கு மறுக்கப்பட்டது வேறு: அக்கா தங்கை இருவரையோ அண்ணன் தம்பி இருவரையோ சேர்த்து எடுத்துக்கொள்ளும் உரிமை. சட்டம் மறித்து நின்றது அவளுடைய தனிமையை அல்ல, பிள்ளைகளின் உடன்பிறப்பை. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

இந்தக் கதைக்குத் தமிழ்க் களம் தேடினால், குலசை என்று சுருக்கி அழைக்கப்படும் குலசேகரன்பட்டினத்தைவிடப் பொருத்தமான ஊர் அமையாது. முத்தாரம்மன் கோயில் தசராவுக்குச் சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கும் உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரத்துக் குடும்பங்கள் ஊர் திரும்புகின்றன. கொடியேறியதும் காப்புக் கட்டி வேடம் போடுகிறார்கள். பல வாரம் விரதம் இருந்தவர் காளி வேடம் அணிகிறார். குறவன் குறத்தி, போலீஸ், ராஜா, குரங்கு, கரடி என்று மற்றவர்கள் நேர்ந்துகொண்டதைப் பொறுத்து வேடம் மாறுகிறது. ஊர் ஊராகத் தசராக் குழுக்கள் மேளத்தோடு கிளம்பி, வீடு வீடாகக் கடை கடையாகக் காணிக்கை எடுத்து, பத்தாம் நாள் கோயிலில் சேர்க்கின்றன. அன்றிரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம்.

அந்தக் கூட்டத்தில் சிறுபிள்ளைகளும் நிறைய உண்டு. உடம்பெல்லாம் சாயம் பூசிய ஐந்து வயதுப் பையன் கையில் தட்டோடு கடை வாசலில் நிற்பான். பின்னால் நிற்கும் அக்கா, நழுவும் கிரீடத்தைத் தூக்கி விட்டுக்கொண்டே இருப்பாள். அந்த நேரத்தில் அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எவரும் கேட்பதில்லை. காணிக்கை போட்டுத் திருநீறு வாங்கிக்கொள்கிறார்கள். பிள்ளை வரம் கேட்டு நேர்ந்தவர்களும், திருமணம் கூட வேண்டும் என்று நேர்ந்தவர்களும் ஒரே குழுவில் நடக்கிறார்கள். காதல் கதை எழுதுபவருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் அந்தப் பெண் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துச் செல்ல நினைக்கும் இடத்தில் கதை வேறொரு வரலாற்றுக்குள் நுழைந்துவிடுகிறது.

பழைய இந்து சாத்திர நெறியில் தத்து என்பது ஆணுக்காக, ஆண் எடுக்கும் மகன். பெண் அதில் தன் பெயரில் இடம்பெறவில்லை. பக்கத்துச் சீமையான இராமநாதபுரத்தின் ஜமீன் வழக்கில் 1868-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு, தென்னாட்டில் கைம்பெண் கணவனின் பங்காளிகளுடைய சம்மதத்தோடு தத்தெடுக்கலாம் என்றது. பெண்ணுக்குக் கிடைத்த பெரிய வெற்றியாகத் தோன்றினாலும், அவள் எடுத்த பிள்ளை கணவனின் வம்சத்துக்கே உரியது. கணவனே இல்லாதவளைப் பற்றிய பேச்சே அங்கில்லை.

ஒரேயொரு விலக்கு இருந்தது. மணமாகாத பெண் தனக்கென்று ஒரு மகளைத் தத்தெடுத்து, தன் சொத்தை அவளுக்கு விட்டுச் செல்லும் வழக்கத்தை மதராஸ் உயர் நீதிமன்றம் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு சமூகத்துக்கு ஏற்றுக்கொண்டது. அச்சமூகம் தேவதாசிகள். அதே காலத்தில் சிறுமியரைத் தீய நோக்கத்தோடு ஒப்படைப்பதையும் பெறுவதையும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373-ஆம் பிரிவுகள் குற்றமாக்கின. ஆக, தமிழ்நாட்டில் தனித்து வாழும் பெண் தாயாகும் உரிமை முதன்முதலில் நீதிமன்றப் பதிவேட்டில் ஏறியது, குற்றவியல் சட்டம் சந்தேகத்தோடு பார்த்த ஒரு வழக்கத்தின் வழியாகத்தான். தத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1956-இல் தொடங்கிவிடுவதால் இந்த உண்மை கண்ணில் படாமல் போகிறது.

அந்த வழக்கத்தை எதிர்த்து நின்றவரும் தனித்து வாழ்ந்த ஒரு பெண்ணே. அயர்லாந்தில் 1867-இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியா வந்து, திருநெல்வேலிச் சீமையில் தங்கியவர். 1901 மார்ச்சில், தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள பெருங்குளத்திலிருந்து தப்பி ஓடிவந்த ஒரு சிறுமி பண்ணைவிளையில் அவரிடம் வந்து சேர்ந்தாள். கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பிள்ளை அவள். அதிலிருந்து களக்காட்டுக்கு அருகே மலையடிவாரத்தில் டோனாவூர் இல்லம் வளர்ந்தது. 1918 முதல் ஆண் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். 1951-இல் இறக்கும்வரை ஏமி மணம் செய்துகொள்ளவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். இல்லத்தில் பணிபுரிந்த வெளிநாட்டுப் பெண்கள் சித்திகள், உள்ளூர்ப் பெண்கள் அக்காக்கள், ஆண்கள் அண்ணாச்சிகள். நெல்லைச் சீமையின் முறைப்பெயர்களைக் கொண்டே ஒரு பெருங்குடும்பம் கட்டப்பட்டது.

அந்தக் குடும்பத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. கிறித்தவருக்கு அப்போது தத்துச் சட்டம் கிடையாது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புப்பிள்ளைகள் சட்டம் மட்டுமே இருந்தது. இல்லத்துச் சிறுமி ஒருத்தியைப் பெற்ற தாய் வழக்குத் தொடுத்தபோது, 1911-இல் நீதிமன்றம் சிறுமியைத் திருப்பி ஒப்படைக்கும்படி ஏமிக்கு உத்தரவிட்டது. ஏமியின் எழுத்தில் உள்ளூர்ச் சமயத்தின் மீதான கடுமையும் மதபோதகரின் தீர்ப்புக் குரலும் ஓங்கி ஒலிக்கின்றன. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் தனித்த பெண் ஒருத்தி அரை நூற்றாண்டு தாயாக வாழ்ந்து காட்டியும், அந்தத் தாய்மையை எந்தச் சட்டமும் தாய்மையாக ஏற்கவில்லை என்ற உண்மை இந்த ஆய்வுக்கு இன்றியமையாதது.

1956-ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுத்தல் மற்றும் வாழ்க்கைப்பொருள் சட்டம் இங்கேதான் பெரிய திருப்பமாகிறது. அதன் 8-ஆம் பிரிவு, மனநலமுள்ள, வயது வந்த, மணமாகாத பெண் தன் பெயரில் மகனையோ மகளையோ தத்தெடுக்கலாம் என்றது. கணவனுடைய வம்சமோ பங்காளிகளின் சம்மதமோ தேவையில்லை. காதல் கதையின் முடிவைக்கூட அச்சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது. தத்தெடுத்த பெண் பிறகு மணம் செய்துகொண்டால், அந்தக் கணவன் பிள்ளைக்கு மாற்றாந்தந்தையாகவே கருதப்படுவான் என்கிறது 14-ஆம் பிரிவு. அவன் வந்ததால் குடும்பம் பிறப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் குடும்பத்தில் அவன் வந்து சேர்கிறான்.

அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவில்தான் முள் இருக்கிறது. மகளைத் தத்தெடுப்பவருக்கு அப்போது உயிரோடு வேறு மகள் இருக்கக்கூடாது, தத்து மகளாயினும் சரி. மகனுக்கும் அப்படியே. குலசைக்கு வந்த பெண் அக்கா தம்பி இருவரையும் எடுத்துக்கொள்ளலாம். தம்பிக்கும் அவளுக்கும் குறைந்தது 21 வயது இடைவெளி இருந்தால் போதும். அக்கா தங்கை என்றால் முடியாது. மூத்தவள் மகளான அந்த நொடியே இளையவளுக்குக் கதவு அடைபட்டுவிடும். ஒரே கருவறையில் பிறந்த இருவரில் எவளை விடுவது என்று தாயாக விரும்புகிறவளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் கற்பிக்க இயலாது. பிள்ளையை ஈமக்கடனுக்கும் சொத்துக்கும் உரிய ஓர் இடமாகவும், அந்த இடத்தை நிரப்ப ஒருவர் போதும் என்றும் எண்ணிய பழைய சாத்திரம், புதிய சட்டத்துக்குள் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது.

குலசைக் கரையிலேயே இந்த வேறுபாடுகளை அளந்து பார்க்கலாம். தெற்கே மணப்பாடு, பிரான்சிஸ் சேவியர் காலந்தொட்டுக் கத்தோலிக்க மீனவர் ஊர். வடக்கே திருச்செந்தூருக்கு அப்பால் காயல்பட்டினம், பழைமையான முஸ்லிம் நகரம். மணமாகாத பெண் குலசையில் இந்துவாக இருந்தால் ஒரு மகளுக்குத் தாயாகலாம். மணப்பாட்டிலோ காயல்பட்டினத்திலோ அவள் நெடுங்காலம் காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது. பிள்ளை வயதுக்கு வந்ததும் அந்த உறவு சட்டத்தில் முடிந்துவிடும், வாரிசுரிமையும் கிடையாது. ஆனால் காப்பாளருக்கு எண்ணிக்கைத் தடை இல்லை. இந்துப் பெண்ணுக்குத் தாய் என்ற நிலை கிடைத்தது, ஒரே பாலின உடன்பிறந்தோர் இருவர் கிடைக்கவில்லை. மற்றவர்களுக்கு இருவரும் கிடைத்தார்கள், தாய் என்ற நிலை கிடைக்கவில்லை. பேருந்தில் சுற்றிவரக்கூடிய ஒரே கடற்கரையில் மூன்று பெண்களுக்கு இரண்டு விதமான அரைத் தாய்மை.

இந்தக் கட்டை அவிழ்த்தது தனிநபர் சட்டம் அல்ல, சிறார் நலச் சட்டம். 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தனி ஒருவரும் தத்தெடுக்கலாம் என்றது. ஏற்கெனவே உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பாராமல் அதே பாலினப் பிள்ளையையும் கொடுக்கலாம் என்றது. 2006-இல் வந்த திருத்தம் தத்துக்கு முழுமையான சட்ட விளைவைத் தந்தது. இருந்தும் 1956 சட்டத்தின் தடை மேலோங்குமா என்ற ஐயம் தொடர்ந்தது. 2009-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி டி.ஒய். சந்திரசூட், கைவிடப்பட்ட பிள்ளைகளின் மறுவாழ்வுக்கென வந்த சட்டத்தை அந்தத் தடை கட்டுப்படுத்தாது என்று இரண்டையும் இணக்கப்படுத்தித் தீர்ப்பளித்தார். ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம், எந்தச் சமயத்தவரும் இச்சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்று உறுதி செய்தது. அன்றிலிருந்து மணப்பாடு, குலசை, காயல்பட்டினம் மூன்றுக்கும் ஒரே கதவு.

திரைப்படங்களும் நட்சத்திரங்களின் வாழ்க்கையும் இதையெல்லாம் எப்படிக் காட்டின? மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படத்தில், மணமாகாத இளைஞனுக்கு அகதிக் குழந்தையைக் கொடுக்க இல்லம் மறுக்கிறது. அவன் அந்தக் குழந்தைக்காகவே இந்திரா என்ற பெண்ணை மணக்கிறான். ஆணின் தனிமை அங்கே உண்மையான தடைதான். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் தனித்த ஆணுக்குப் பெண் குழந்தையைக் கொடுப்பதில்லை. தனித்த பெண்ணுக்கு அப்படியொரு விலக்கு இல்லை. இந்தி நடிகை ரவீனா டாண்டன் 1995-இல், இருபதுகளின் தொடக்கத்தில், உறவினர் ஒருவரின் மகள்களான இரு சகோதரிகளை வளர்ப்பு மகள்களாக ஏற்றார். திருமணம் 2004-இல்தான் நடந்தது. சுஷ்மிதா சென் முதல் மகளை 2000-இலும் இரண்டாம் மகளை 2010-இலும் தத்தெடுத்தார். இந்த வாழ்க்கைகளில் பிள்ளைகள் திருமணத்துக்காகக் காத்திருக்கவில்லை. விடுமுறைக் காதல் கதை வரிசையைத் தலைகீழாக்கிச் சொல்கிறது.

இன்று குலசைப் பெண் செய்ய வேண்டியவை தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளன. மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார். அவளுக்கும் பிள்ளைக்கும் 25 வயது இடைவெளி இருக்க வேண்டும். 2022 நெறிமுறைகளின்படி, நான்கு வயதுக்கு மேல் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் அவளுக்கு 50 வயதுவரை வாய்ப்புண்டு. 2021-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு தத்து ஆணை பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர்.

தனியாளிடம் மட்டும் கூடுதலாக ஓர் ஆவணம் கேட்கப்படுகிறது. அவளுக்கு ஏதேனும் நேர்ந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வேன் என்று உறவினர் ஒருவர் எழுதித் தரும் உறுதிமொழி அது. நாவலாசிரியர் இந்தத் தாளின் முன்தான் நிற்க வேண்டும். அண்ணன் கையெழுத்துப் போடுவானா, மதினி என்ன சொல்வாள், ஒரு பிள்ளை என்றால் தலையாட்டும் சித்தி இரண்டு என்றதும் என்ன கணக்குப் போடுவாள் என்பதெல்லாம் இந்த ஒரு தாளில் வெளிப்பட்டுவிடும். காதலனின் சம்மதத்தைவிட இந்தக் கையெழுத்துக்கு எடை அதிகம்.

உடன்பிறந்தோரின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2015 சட்டத்தின் 59-ஆம் பிரிவு, தத்துக்கு உரியவராக அறிவிக்கப்பட்ட பிள்ளைக்கு 60 நாட்களுக்குள் இந்தியரோ வெளிநாடுவாழ் இந்தியரோ கிடைக்காவிட்டால், வெளிநாட்டுத் தத்துக்கு வழிவிடுகிறது. அதில் முன்னுரிமை பெறத்தக்கவர் யார் என்றும் சொல்கிறது: மாற்றுத்திறனுள்ள பிள்ளைகள், ஐந்து வயதைத் தாண்டியவர்கள், உடன்பிறந்தோர். இருவரைச் சேர்த்து ஏற்க உள்நாட்டில் ஆள் அரிது என்ற அனுபவம்தான் இந்தச் சொற்றொடரில் சட்டமாகியிருக்கிறது. 1956 சட்டத்தின் 11-ஆம் பிரிவுத் தடையைக் கடக்க வழி பிறந்த பிறகும் அதன் மனநிலை சமூகத்தில் அப்படியே நீடிக்கிறது.

இந்த 60 நாட்களை இன்னொரு விதியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தம்பதியாகத் தத்தெடுக்க விரும்புவோர், உறவுமுறைத் தத்து போன்றவை நீங்கலாக, குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிலையான மணவாழ்க்கை வாழ்ந்திருக்க வேண்டும் என்கின்றன நெறிமுறைகள். தசராவில் சந்தித்துத் தை மாதத்தில் மணம் முடித்து, பிறகு இருவருமாகப் பிள்ளைகளைக் கேட்கலாம் என்று நம் கதாநாயகி காத்திருந்தால், அவர்களுக்குத் தகுதி வருவதற்குள் மூன்றாம் தசராவும் ஆகிவிடும். அதற்குள் அந்த அக்காவும் தம்பியும் இத்தாலியிலோ ஸ்பெயினிலோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கலாம். தனியாளாக அவள் இன்றே பதிவு செய்யலாம். படிவத்தில் ஒரு பிள்ளை என்று குறிக்காமல் உடன்பிறந்தோர் என்று குறிக்கலாம். கல்யாணத் தேதியை அவனோடு பிறகு பேசிக்கொள்ளலாம்.