ஒரே நாளில் வாழ்க்கை மாறுமா? தன்னம்பிக்கை வகுப்புகளின் கதை

சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை நைட் டூட்டி முடித்த கையோடு ஒரு கல்யாண மண்டபத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாப்ள, ஒரே ஒரு நாள் வந்து பாரு. வாழ்க்கையே மாறிடும்" என்று பள்ளித் தோழன் எனக்கும் சேர்த்து 2000 ரூபாய் கட்டிவிட்டான்.

காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை. சுமார் 400 பேர். எல்லோர் கழுத்திலும் பெயரும் தொழிலும் எழுதிய அட்டை. காதைப் பிளக்கும் பாட்டு. எழுந்து ஆடச் சொன்னார்கள், ஆடினேன். பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள், கட்டிப்பிடித்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மதியம் வரை எனக்கு நன்றாகத்தான் இருந்தது. மாதக்கணக்கில் ஓபி, வார்டு, டூட்டி என்று ஓடிக்கொண்டிருப்பவனிடம் "உன்னால் முடியும்" என்று ஒருவர் சொல்லும்போது கண் கலங்கத்தான் செய்கிறது.

நான் கட்டிப்பிடித்தது மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனை. ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். என் அட்டையைப் பார்த்துவிட்டு டீ இடைவேளையில் கேட்டார்.

"சார், பத்து வருசமா சுகர் மாத்திரை போடுறேன். நோய் நோய்னு நெனைக்கிறதாலதான் நோயே இருக்குன்னு சொல்றாரே. மாத்திரைய நிறுத்திப் பாக்கலாமா?"

"அண்ணே, பேச்சைக் கேளுங்க. மாத்திரைய மட்டும் விட்றாதீங்க" என்றேன். தலையாட்டினார்.

அந்த அண்ணனிடம் கடைசியில் வருகிறேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. இப்படி ஒருநாள் முழுக்க உட்காரவைத்து உற்சாகம் ஊட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களோடு பகிர்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதல் ஆச்சரியம், இந்தக் கதையின் தொடக்கத்தில் நிற்பவர் ஒரு மருத்துவர்.

சாமுவேல் ஸ்மைல்ஸ். 1812இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் படித்து, சொந்த ஊரில் வைத்தியம் பார்த்தவர். பிறகு அதை விட்டுவிட்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பத்திரிகை ஆசிரியரானார்.

லீட்ஸ் அப்போது ஆலை நகரம். அங்கே இரண்டு மூன்று ஏழை இளைஞர்கள், நாள் முழுக்க உழைத்துவிட்டு, மாலையில் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருவருக்குக் கணக்கு தெரியும். இன்னொருவருக்கு இலக்கணம் தெரியும். தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொல்வது. அவ்வளவுதான் திட்டம்.

கூட்டம் சேரச் சேர இடம் போதவில்லை. காலரா பரவியபோது தற்காலிக மருத்துவமனையாக இருந்த ஒரு அறை காலியாகக் கிடந்தது. நோய் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று பயந்து யாரும் வாடகைக்கு எடுக்கவில்லை. இந்தப் பையன்கள் எடுத்தார்கள். சில பெஞ்சுகள், ஒரு மேசை, விளக்கு. எண்ணிக்கை நூறு பேரைத் தொட்டது.

ஒரு கட்டத்தில் "எங்களுக்குக் கொஞ்சம் பேசுங்கள்" என்று ஸ்மைல்ஸை அழைத்தார்கள். 1845இல் போய்ப் பேசினார். அந்தப் பேச்சுகள்தான் வளர்ந்து 1859இல் 'செல்ஃப் ஹெல்ப்' என்ற புத்தகமாக வந்தது. முதல் வருடமே 20,000 பிரதிகள் விற்றது. சுயமுன்னேற்ற நூல்களுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் நிலைத்ததே இந்தப் புத்தகத்தால்தான்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சாளர் வருவதற்கு முன்பே அந்தப் பையன்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். பேச்சு அவர்களுக்கு ஊறுகாய் மாதிரி. சோறு அவர்களே ஆக்கினார்கள்.

அடுத்த காட்சி அமெரிக்கா.

1874இல் நியூயார்க் மாநிலத்தில் ஷடாக்வா என்ற ஏரிக்கரையில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கான கோடை வகுப்பு ஒன்று தொடங்கியது. அது பிரபலமாகி, 1904 முதல் அதே பெயரில் ஊர் ஊராகப் போய்க் கூடாரம் போடும் வணிகமாகவும் மாறியது. நம்மூருக்கு சர்க்கஸ் வருமே, அது மாதிரி. சில நாட்களுக்குப் பாட்டு, நாடகம், சொற்பொழிவு.

இந்த மேடைகளின் நட்சத்திரம் ரஸ்ஸல் கான்வெல் என்ற பாதிரியார். ஒரு விவசாயி வைரம் தேடி நிலத்தை விற்றுவிட்டு ஊர் ஊராக அலைந்து செத்துப்போகிறான். கடைசியில் வைரச் சுரங்கம் அவன் விற்ற நிலத்திலேயே கிடைக்கிறது. கான்வெல் சொன்ன கதையில் அதுதான் நம் கோல்கொண்டா! இந்த ஒரே சொற்பொழிவை அவர் 6000 முறைக்கு மேல் நிகழ்த்தினார். வந்த பணத்தில் ஏழை மாணவர்களைப் படிக்க வைத்தார். பிலடெல்பியாவில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகம் அவர் நிறுவியது.

நல்ல மனிதர்தான். ஆனால் இந்த இடத்தில் ஒரு மாற்றம் நடந்துவிட்டது. லீட்ஸில் எல்லோரும் பேசினார்கள். இங்கே ஒருவர் பேசுகிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள்.

இதைத் திருப்பிப் போட்டவர் டேல் கார்னகி. மிசௌரி மாநிலத்து ஏழை விவசாயி மகன். சேல்ஸ்மேன் வேலை பார்த்தார், நடிக்கப் போனார், எதுவும் சரியாக அமையவில்லை. 1912இல் நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ.வில் மேடைப்பேச்சு வகுப்பு எடுக்கிறேன் என்றார். நிலையான சம்பளம் தர அவர்கள் தயாராக இல்லை. வருமானத்தில் பங்கு என்று பேசி ஆரம்பித்தார்.

முதல் நாளே கையில் இருந்த சரக்கு தீர்ந்துவிட்டது. வகுப்பு முடிய நேரம் இருக்கிறது. என்ன செய்வது? மாணவர்களை எழுப்பி, "உங்களுக்கு எதில் கோபம் வருமோ அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். மேடை என்றாலே நடுங்கியவர்கள் கோபத்தில் பயத்தை மறந்து பேசினார்கள்!

அதையே பாடமுறையாக்கினார். வாரா வாரம் வர வேண்டும், எழுந்து பேச வேண்டும், வீட்டுக்குப் போய் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு அடுத்த வாரம் சொல்ல வேண்டும். பின்னாளில் உலகப் பணக்காரர்களில் ஒருவரான வாரன் பஃபெட், மேடைப்பயத்தைப் போக்க இளம் வயதில் 100 டாலர் கட்டி இந்த வகுப்பில் சேர்ந்தார். அந்தச் சான்றிதழை அலுவலகச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்.

மருத்துவ பாஷையில் சொன்னால் கார்னகி கொடுத்தது ஒரு கோர்ஸ். டிபி மாத்திரை மாதிரி. ஒருநாள் போட்டால் ஆகாது, முழுசாகப் போட வேண்டும்.

கோர்ஸ் எப்போது ஒரே டோஸ் ஆனது?

1956இல் ஏர்ல் நைட்டிங்கேல் என்ற வானொலிப் பேச்சாளர், தன் இன்சூரன்ஸ் விற்பனையாளர்களை உற்சாகப்படுத்த ஒரு பேச்சைப் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. உற்சாகம் இப்போது கடையில் வாங்கும் பொருள்.

1971இல் சான் பிரான்சிஸ்கோவில் வெர்னர் எர்ஹார்ட் என்ற முன்னாள் சேல்ஸ்மேன் 'எஸ்ட்' என்ற பயிற்சியைத் தொடங்கினார். ஹோட்டல் அரங்கு, இரண்டு வார இறுதிகள், சுமார் 60 மணி நேரம். கைக்கடிகாரம் கூடாது. பாத்ரூம் போகக்கூட இடைவேளைக்குக் காத்திருக்க வேண்டும். உன் வாழ்க்கையில் நடக்கும் எல்லாவற்றுக்கும் நீயே பொறுப்பு என்பது அதன் மையக் கருத்து.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் பேசியவர் சொன்னது பலிக்காவிட்டால் அதற்கும் நீதான் பொறுப்பு. இந்த ஒரு வரிதான் பின்னால் வந்த பல கூட்டங்களுக்குக் கவசமானது.

பிறகு விளையாட்டு அரங்குகள் நிரம்பின. பல நிகழ்ச்சிகளில் நுழைவுக் கட்டணம் குறைவு. உண்மையான வியாபாரம் மேடையிலேயே விற்கப்படும் அடுத்த கட்ட வகுப்பில்தான்.

ஒரே நாளில் மாற்றம் வந்ததாகக் காட்ட வேண்டும் என்றால் பார்வைக்கு ஏதாவது வேண்டுமே! டோனி ராபின்ஸ் மக்களைத் தீயில் நடக்க வைத்தார். நம் ஊரில் காப்புக் கட்டி, நாள்கணக்கில் விரதம் இருந்து பூக்குழி இறங்குவார்கள். அங்கே மாலையில் டிக்கெட், இரவில் தீ. 2016இல் டல்லாஸ் நகரில் 30க்கும் மேற்பட்டவர்களுக்குத் தீக்காயம்.

கரியும் மேலே படிந்த சாம்பலும் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். வேகமாக நடந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம், தயங்கி நின்றால் தோல் வெந்துவிடும். தீக்கு நம் மனவலிமை தெரியாது.

2009இல் நடந்தது இதைவிடக் கொடுமை. அரிசோனாவில் செடோனா அருகே ஜேம்ஸ் ஆர்தர் ரே என்ற பிரபல பேச்சாளர் ஒரு முகாம் நடத்தினார். கட்டணம் கிட்டத்தட்ட 10,000 டாலர். பாலைவனத்தில் 36 மணி நேரம் உணவும் தண்ணீரும் இல்லாமல் இருக்க வைத்தார். பிறகு 50க்கும் மேற்பட்டவர்களைத் தாழ்வான ஒரு கூடாரத்துக்குள் அடைத்து, பழுக்கக் காய்ந்த கற்களின் மேல் தண்ணீர் ஊற்றி ஆவி பிடிக்க வைத்தார். செத்துவிடுவோம் என்று தோன்றும், அதைத் தாண்டி வாருங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்.

மூன்று பேர் இறந்தார்கள்.

ஒரு மருத்துவராக இதை விளக்க வேண்டும். நம் உடல் வியர்வை ஆவியாவதால்தான் குளிர்கிறது. ஆவி நிறைந்த அறையில் வியர்வை காயாது. உடலில் நீரும் குறைவு. உடலின் உள்வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் முதலில் தடுமாறுவது மூளை. "நான் வெளியே போக வேண்டும்" என்று முடிவெடுக்கும் உறுப்பே அதுதான். அந்த நிலையில் "யாரும் உங்களைப் பிடித்து வைக்கவில்லையே" என்பதில் அர்த்தமில்லை.

2011இல் நீதிமன்றம் ரேவைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

காலரா அறையில் தொடங்கிய பயணம் இந்தக் கூடாரம் வரை வந்துவிட்டது.

அப்படியானால் தன்னம்பிக்கைப் பேச்சே வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். நம்மிடம் எம்.எஸ். உதயமூர்த்தி இருந்தார். அமெரிக்காவில் தொழில் செய்து திரும்பி வந்து, மக்கள் சக்தி இயக்கம் தொடங்கி, ஊர் ஊராக இளைஞர்களைத் திரட்டியவர். 1988இல் வந்த 'உன்னால் முடியும் தம்பி' படத்துக்கு அவர் நூலின் தலைப்பு, நாயகனுக்கு அவர் பெயர். அவர் எழுத்தைப் படித்துக் கடை போட்டவர்களும் படிப்பை முடித்தவர்களும் நம் அப்பா தலைமுறையில் நிறைய.

வெறும் உற்சாகம் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். எடை குறைக்க வந்த பெண்களை கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் ஆய்வு செய்தார். 1991இல் வெளியான முடிவு இது: இளைத்துவிட்டதாக இனிமையான கற்பனையில் திளைத்தவர்கள் குறைவாகவே எடை இழந்தார்கள். மாறாக "எப்போது, எங்கே, எப்படிச் செய்வேன்" என்று முன்கூட்டியே தீர்மானிப்பவர்கள் சொன்னதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று பீட்டர் கோல்விட்ஸர் போன்றோரின் ஆய்வுகள் காட்டின.

"நான் ஆரோக்கியமாக இருக்கிறேன்" என்று நூறு முறை சொல்வதைவிட, "காலை டீ போடும் முன் 30 நிமிடம் நடப்பேன்" என்று ஒருமுறை முடிவு செய்வது மேல்.

இப்போது மளிகைக்கடை அண்ணன்.

இரண்டு மாதம் கழித்து என் ஓபிக்கு வந்தார். சுகர் 412. இடது கால் பெருவிரலில் சீழ் பிடித்த புண். அன்று மாலை மண்டபத்திலேயே 5000 ரூபாய் முன்பணம் கட்டி அடுத்த கட்ட வகுப்பில் சேர்ந்திருக்கிறார். மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்.

அட்மிட் செய்து இன்சுலின் போட்டோம். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. காலைக் காப்பாற்றிவிட்டோம்.

ரவுண்ட்ஸில் கட்டு மாற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அவர் சரியாத்தான் சொன்னார் சார். எனக்குத்தான் நம்பிக்கை பத்தல."

எனக்கு விரல் போனதைவிட இது வலித்தது.

"அண்ணே, ஒங்க நம்பிக்கைல ஒரு கொறையும் இல்ல. கணையத்துல இன்சுலின் பத்தல. அவ்வளவுதான்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டிஸ்சார்ஜ் ஆகும்போது மாத்திரைச் சீட்டை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

நான் அன்று டீ இடைவேளையில் ஒரு வரியோடு நிறுத்தியிருக்கக் கூடாது. போன் நம்பர் கொடுத்திருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இந்தப் பதிவும் அதனால்தான்.

நீங்கள் இப்படி ஒரு வகுப்புக்குப் போவதாக இருந்தால் தாராளமாகப் போங்கள். நான்கு விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள்.

மருந்து, மாத்திரை, சிகிச்சை பற்றி மேடையில் என்ன சொன்னாலும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைக்கும் இது பொருந்தும்.

"இன்று மட்டும் இந்த விலை" என்றால் அன்று பணம் கட்டாதீர்கள். ஒரு வாரம் கழித்தும் தேவை என்று தோன்றினால் யோசிக்கலாம்.

தண்ணீர், உணவு, தூக்கம், கழிப்பறை இவற்றைத் தடுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பலிக்கவில்லை என்றால் உங்களை நீங்களே குற்றம் சொல்லாதீர்கள்.

லீட்ஸ் பையன்கள் காலரா அறைக்கு வாடகை கொடுத்து, பெஞ்சு போட்டு, விளக்கேற்றி, மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். நம் வாழ்க்கையும் பெரும்பாலும் அப்படித்தான் மாறும்.

உங்கள் வீட்டில் யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டு "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், திட்டாமல் நாளைக்கே பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். நாங்கள் அங்கேதான் இருப்போம்.