பெங்களூரில் ஒரு வார மளிகை: பில் தொகையும் விலையும்

எந்த சூப்பர் மார்க்கெட்டில் மலிவு என்று அறிய இரண்டு கடைகளின் பில்லை அருகருகே வைத்தால் போதும் என்பது பொதுவான எண்ணம். பில்லில் இருப்பது செலவுத் தொகை; அதிலிருந்து விலையைப் பிரித்தெடுக்காத ஒப்பீடு செல்லாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நந்தினி பால் இதற்கு நல்ல சான்று. 2024 ஜூனில் அதை விற்கும் கர்நாடகப் பால் கூட்டமைப்பு ஒரு லிட்டர் டோன்டு பால் பாக்கெட்டை 42 ரூபாயிலிருந்து 44 ஆக்கி, கூடவே 50 மில்லி சேர்த்தது. லிட்டர் கணக்கில் அது சுமார் 41.90 ரூபாய்தான். விலை ஏறாமலே செலவு ஏறியது. 2025 ஏப்ரலில் பாக்கெட் பழைய அளவுக்குத் திரும்பி 46 ரூபாயானது. பாக்கெட்டுக்கு உயர்வு 2 ரூபாய். லிட்டருக்கு 4 ரூபாய்க்கும் மேல். கடைக்குக் கடை பாக்கெட் அளவு மாறும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் இதே சிக்கல் உண்டு. பொட்டலப் பொருள் விதிகளின் 2021 திருத்தம் கிராம் அல்லது கிலோ, மில்லி அல்லது லிட்டர் கணக்கிலான அலகு விலையை அச்சிடச் சொல்வது இதனால்தான்.

பெயர்பெற்ற பிராண்டுகளுக்கு எம்.ஆர்.பி. பொதுவான உச்சவரம்பு, தள்ளுபடியை அதிலிருந்து அளக்கலாம். கடைகளின் சொந்தப் பிராண்டில் அந்த வசதியில்லை. எம்.ஆர்.பி.யும் தள்ளுபடியும் ஒரே கை எழுதுபவை. அங்கே தள்ளுபடி விழுக்காட்டை நம்புவதற்கில்லை.

காய்கறிக்கு எம்.ஆர்.பி.யே கிடையாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதை நினைத்தால், திங்கட்கிழமை பில்லை வெள்ளிக்கிழமை பில்லோடு ஒப்பிடுவது எவ்வளவு அபத்தம் என்பது விளங்கும். 1959இல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவாகத் தொடங்கிய ஹாப்காம்ஸ், நாள்தோறும் காய்கறி விலைப்பட்டியல் வெளியிடுகிறது. நகரத்தில் அதன் கடைகளுக்கெல்லாம் அதுவே விலை. ஒவ்வொரு கடையின் காய்கறி விலையையும் அன்றைய ஹாப்காம்ஸ் விலையால் வகுப்பதே நியாயமான அளவை. தரம் பிரித்து விற்கும் கடையில் வாங்குவதில் கழிவு குறைவு என்பதால், கீரை போன்றவற்றில் ஆய்ந்தபின் மிஞ்சும் எடையையே கொள்ள வேண்டும்.

அடுத்தது, யாருடைய கூடை? பொருளியலாளர் லாஸ்பெயர் 1871இல் முன்வைத்த விலைக் குறியீட்டெண் ஒரு நிலையான கூடையைக் கோருகிறது. அல்சூர்த் தமிழ் வீட்டுக் கூடையில் இட்லி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய். பசவனகுடிக் கன்னட வீட்டில் சோனா மசூரி, ராகி, துவரை. சோனா மசூரிக்குச் சலுகை தரும் கடை இரண்டாம் வீட்டுக்கு மலிவு. முதல் வீட்டுக்கு அதனால் பயனில்லை. ஒற்றைத் தரவரிசை இந்த வேறுபாட்டை விழுங்கிவிடும். ஆகவே முடிவைக் கூடைவாரியாகத்தான் தர முடியும்.

செயலி வழி வாங்குவோர் விநியோகக் கட்டணத்தையும் கையாளும் கட்டணத்தையும் வார மொத்தத்தோடு கூட்ட வேண்டும். ஒரே கூடையை ஒரு தடவையில் வரவழைப்பவருக்கும் தினம் கொஞ்சமாக வரவழைப்பவருக்கும் அதே செயலி வெவ்வேறு விலையுள்ள இரண்டு கடைகளைப் போன்றது.