பக்கவாத்தியம் உணர்த்தும் பாடம்

கர்நாடக இசைக் கச்சேரியில் பாடகரும் வயலின் கலைஞரும் மிருதங்கக் கலைஞரும் பெரும்பாலும் ஒத்திகை பார்த்துக்கொள்வதில்லை. அன்று பாடப்படும் உருப்படிகள் எவை என்பதே பல வேளைகளில் மேடையில் அமர்ந்த பிறகுதான் பக்கவாத்தியக்காரர்களுக்குத் தெரியவருகிறது. அவ்வாறு கூடுவோர் இரண்டரை மணி நேரம் கட்டுக்கோப்பான இசையை வழங்க முடிகிறதென்றால், அதற்குத் தனித்திறமை மட்டும் போதாது. அடுத்தவர் செய்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, அதற்கேற்பத் தம்மை அமைத்துக்கொள்ளும் பயிற்சியும் வேண்டும். இசைக்கலைஞர் மேடையில் பெறும் பாடங்களுள் இதுவே தலையாயது எனலாம்.

இப்பயிற்சி முதல் பாட்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பாடகரின் குரலுக்கு இசைவான ஆதார சுருதியை, அதாவது கச்சேரி முழுவதற்கும் அடிப்படையாக ஒலிக்கும் சட்ஜத்தை, மற்றவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். சுருதியின் உயரத்தைக் குறிக்கும் கட்டைக் கணக்கில் ஆண்குரல் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்குரல் ஐந்து கட்டையை ஒட்டியும் அமைவது பொதுவழக்காதலால், மிருதங்கக் கலைஞர்கள் தாழ்ந்த சுருதிக்கு ஒன்றும் உயர்ந்த சுருதிக்கு ஒன்றுமாகக் கருவிகளை வைத்திருக்கிறார்கள். இடப்பக்கமாகிய தொப்பியில் நீர்விட்டுப் பிசைந்த ரவையை அப்பி அதன் நாதத்தைக் கனப்படுத்துவதும், வலந்தலையின் விளிம்பிலுள்ள வார்ப்பின்னலைக் கல்லால் மேலிருந்து தட்டிச் சுருதியை ஏற்றுவதும், கீழிருந்து தட்டி இறக்குவதும், அரங்கின் குளிர்ச்சியால் தோல் மாறும்போது பாட்டுகளுக்கு இடையே மீண்டும் சரிபார்ப்பதும், பிறர் குரலுக்குத் தம்மை ஒப்புக்கொடுக்கும் செயல்களே.

ராக ஆலாபனையில் இப்பண்பு இன்னும் நுட்பமாக வெளிப்படுகிறது. பாட்டின் சொற்களோ தாளமோ இன்றி ராகத்தின் வடிவத்தைப் பாடகர் படிப்படியாக விரிக்க, வயலின் நிழல்போல் தொடர்ந்து, அவர் மூச்சு வாங்கும் இடைவெளியை நிரப்புகிறது. பின்னர் வயலினுக்குத் தனி வாய்ப்பு வருகிறது. அப்போது பாடகர் எடுத்துக்கொண்டதைவிடச் சற்றுக் குறைந்த நேரமே வாசிப்பது எழுதப்படாத மரபு. சொல்லப்பட்டதையே திருப்பிச் சொல்லாமலும், அதனை மிஞ்சிக் காட்ட முனையாமலும், ராகத்தில் இன்னும் எஞ்சியிருக்கும் அழகை அந்தச் சில நிமிடங்களுக்குள் காட்டுவதற்கு மிகுந்த தன்னடக்கம் வேண்டும்.

தனியாவர்த்தனம் எனப்படும் தாளவாத்தியப் பகுதியில் நிலைமை தலைகீழாகிறது. அதுவரை அரங்கின் நடுநாயகமாக விளங்கிய பாடகர் வாய்மூடி, தொடையில் தாளம் போடுபவராக மாறுகிறார். ஆதி தாளத்தின் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, இருமுறை தட்டும் வீச்சும் ஆகிய எட்டு அட்சரங்களை அவர் கை மாறாமல் சுற்றிவர, மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் ஐந்தும் ஏழுமாகப் பிரியும் கணக்குகளை அதற்கு எதிராகப் பின்னுகின்றன. கேட்பவரைத் தடுமாறச் செய்யும் அக்கணக்குகளுக்கு நடுவே அந்தக் கை ஒரு நூலிழை விரைந்தாலும் வாசிப்பவரின் உழைப்பு சிதறிவிடும். இறுதியில் மும்முறை வரும் கோர்வை என்னும் தாளக்கோவை, பாட்டின் வரி தொடங்கும் இடமாகிய எடுப்பில் வந்து பொருந்த, பாடகர் மீண்டும் வாய்திறக்கிறார். பிறர் சிறப்பதற்காகத் தாம் அசையாது நிற்கும் இப்பொறுப்பு, பாடும் திறனுக்குச் சற்றும் குறைந்ததன்று. அந்நேரத்தில் எழுந்து வெளியே செல்லும் ரசிகர்கள் இழப்பது மிகப் பெரிது.

எவரேனும் தாளத்தில் வழுவினால், மற்றவர் முகம் சுளிப்பதில்லை. மிருதங்கக் கலைஞர் சிக்கலான தாளச் சொற்களைக் கைவிட்டு, ஆவர்த்தனத்தின் தொடக்கமாகிய சமம் தெளிவாகத் தெரியும்படி எளிய சொற்களை வாசித்து, வழி தவறியவரை ஓரிரு சுற்றுகளில் மீட்டுவிடுகிறார். அவையோருள் பலர் நடந்ததை அறிவதே இல்லை.

இன்றைய கச்சேரி முறையை வகுத்தவராகப் போற்றப்படும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) விறுவிறுப்பும் அளவும் கெடாமல் பல உருப்படிகளை நிரல்படுத்தினார். அவருக்குப் பல்லாண்டுகள் மிருதங்கம் வாசித்த பாலக்காடு மணி ஐயர் (1912–1981) கீர்த்தனையின் நடையை உள்வாங்கி, பாட்டுக்கென்றே வாசிப்பதில் முன்னோடியாக விளங்கினார். எங்கே கையை நிறுத்த வேண்டும் என்பதை அவரளவு அறிந்தவர் சிலரே.

ஆயினும் இம்மேடை தன் பாடத்தை எல்லார்க்கும் ஒருபடித்தாக வழங்கியதாகக் கூற இயலாது. பெண்களுக்குப் பக்கம் வாசிக்க முன்னணி மிருதங்கக் கலைஞர்கள் பலர் தயங்கிய காலம் இருந்தது. கற்பனைத்திறன் மிகுதியும் வேண்டப்படும் ராகம் தானம் பல்லவி என்னும் பகுதியைப் பெண்கள் பாடுவதும் ஏற்கப்படாதிருந்தது. பாடகி டி. கே. பட்டம்மாள் (1919–2009) அதனை மேடைகளில் துணிந்து பாடி நிலைநாட்டினார். பின்னாளில் மணி ஐயரே அவருக்கு வாசித்தார். பெண் பாடகர்களுக்கு ஆண்கள் வாசிப்பது இன்று இயல்பாகிவிட்டது. மூத்த ஆண் பாடகருக்குப் பெண் ஒருவர் மிருதங்கம் வாசிக்கும் கச்சேரியோ இன்னும் அரிதாகவே அமைகிறது.