மரண அறிவித்தல் பக்கம்

யாழ்ப்பாணத்தில் பேப்பரை முதற்பக்கத்திலிருந்து வாசிப்பவர்கள் இளந்தாரிகள். வயது போனவர்கள் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் முதலில் விரிப்பார்கள். எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையில் ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து நாலைந்து பேர் வாசிப்போம். இழுபறி அந்தப் பக்கத்துக்குத்தான். சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: குடாநாட்டு ஊர்களின் சரித்திரத்தை எழுத வருபவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

பத்திரிகை எங்களுக்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷனின் ‘உதயதாரகை’ 1841 இலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. 1889 இல் சைவ பரிபாலன சபை ‘இந்து சாதனம்’ தொடங்கியது. இரண்டும் சமயப் பணிக்கென்று பிறந்தவை. பிறகு வீரகேசரி (1930), தினகரன் (1932) வந்தன. ஆனால் அவை கொழும்பில் அச்சாகி ரயிலேறி வர வேண்டும். செத்தவீட்டுக்கு அது சரிவராது. பின்னேரம் பிரேதம் எடுப்பதென்றால் காலையிலேயே கரவெட்டிக்கும் காரைநகருக்கும் சேதி போயாக வேண்டும். 1959 இல் யாழ்ப்பாணத்திலேயே ‘ஈழநாடு’ தொடங்கி, பின்னர் நாளிதழான பிறகுதான் அந்த வசதி கிடைத்தது. இலங்கை வானொலியும் மரண அறிவித்தல் வாசித்தது உண்மைதான். காற்றோடு போனதை வெட்டி வைக்க முடியுமா?

அறிவித்தலின் வாய்பாடு எல்லோருக்கும் மனப்பாடம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர். காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் மகன். இன்னாரின் அன்புக் கணவர். பிள்ளைகள், மருமக்கள், மைத்துனர், பேரப்பிள்ளைகள். எந்த மயானம், எத்தனை மணி. பேருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் உத்தியோகம்: இளைப்பாறிய தபாலதிபர், சுருட்டு வியாபாரி, மலாயன் பென்ஷனியர். மலாயாவுக்குப் போய் உழைத்துத் திரும்பி, ஊரில் கல்வீடு கட்டிய ஒரு தலைமுறை முழுவதும் அந்த அடைப்புக்குறிகளுக்குள் இருக்கிறது. எந்த ஊர் எந்த ஊரோடு சம்பந்தம் செய்தது, எதோடு செய்யவில்லை என்பதையும் அங்கே பார்க்கலாம். சாதியை வாய்விட்டுச் சொல்லாமலே சொன்ன பக்கமும் அதுதான். மயானத்தின் பேரைப் பார்த்தே எங்கள் ஆட்கள் விளங்கிக்கொள்வார்கள். இதை மறைத்து எழுதுகிற ஊர் வரலாறுகள் எனக்குப் பிடிப்பதில்லை.

1990 இல் போரால் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது. அதன் பிறகு அறிவித்தலில் மூன்றாவதாக ஒரு முகவரி ஏறியது. மயிலிட்டியில் பிறந்து, அங்கேயே வாழ்ந்தவர் பருத்தித்துறைப் பக்கத்தில் ஒரு தற்காலிக விலாசத்தில் கண்ணை மூடினார். பிள்ளைகளின் பேருக்குப் பக்கத்தில் கனடா, பிரான்ஸ், சுவிஸ், லண்டன். மயிலிட்டித் துறைமுகப் பகுதி இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டது 2017 இல். அந்த 27 வருட அறிவித்தல்களை ஊர்வாரியாக அடுக்கிப் பார்த்தால், கச்சேரிப் புள்ளிவிவரம் காட்டாத இடப்பெயர்வுக் கணக்கு ஆள் ஆளாக, பேர் பேராக வரும்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது அச்சுத் தாளும் தட்டுப்பாடு. 1985 இல் தொடங்கிய ‘உதயன்’ அந்த நாட்களில் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சானது. அப்படி ஒரு அறிவித்தல் என்னிடம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளை எழுத வேண்டிய நீலக் கோடுகளுக்குக் குறுக்கே கறுப்பு எழுத்து. படத்தில் மை ஊறி, பொட்டும் மூக்குக்கண்ணாடியும் மட்டும் தெரிகின்றன.

1981 மே 31 இரவு தொடங்கிய அட்டூழியத்தில் யாழ். பொது நூலகம் எரிந்ததும், ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதும் உலகத்துக்குத் தெரியும். அதே நாட்களில் ஈழநாடு பணிமனையையும் எரித்தார்கள். நூலகத்துக்காக எழுதியவர்கள் ஏராளம். பத்திரிகையின் பழைய கோவைகளுக்காக யாரும் பெரிதாக அழவில்லை. ஓலைச்சுவடிக்குக் கொடுத்த மதிப்பை நேற்றைய பேப்பருக்குக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

நூலகம் நிறுவனம் 2005 இலிருந்து பழைய ஈழத்து வெளியீடுகளை மின்வடிவமாக்கி எல்லோரும் வாசிக்க வைத்திருக்கிறது. உங்கள் வீட்டு றங்குப் பெட்டியின் அடியிலோ, செத்தவர் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகங்களுக்கு நடுவிலோ பழைய பேப்பர் கிடந்தால், கடைக்குச் சரை சுற்றக் கொடுத்துவிடாதீர்கள். 1981 க்கு முந்திய ஈழநாடு என்றால், ஒற்றைத் தாளாக இருந்தாலும் அவர்களிடம் ஸ்கேன் செய்யக் கொடுங்கள்.