டில்லி பஸ்களும் ஆணையின் மறுபாதியும்

டில்லியில் குடியேறிய தமிழரில், பஸ் நிறுத்தத்தில் நின்று அந்நகரைக் கற்றுக்கொள்ளாதவர் அரியர். கரோல்பாக்கிலிருந்தும் ராமகிருஷ்ணபுரத்திலிருந்தும் அலுவலகம் சென்று மீண்டோருக்கு, 1990-களில் தலைநகரத்துப் பஸ்கள் கக்கிய கரும்புகையை விவரிக்க வேண்டுவதில்லை. மாலையில் முகம் துடைத்த கைக்குட்டையே சான்று கூறும். அந்தப் புகை அகன்ற பின்னும் காற்று ஏன் தெளியவில்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

1985-ல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா, டில்லியின் காற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுத் தொடுத்தார். வழக்கு நெடுங்காலம் நடந்தது. 1998 ஜூலை 28-ல் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையில் பல கட்டளைகள் இருந்தன. 2001 மார்ச் 31-க்குள் நகரப் பஸ்கள் யாவும் டீஸலைக் கைவிட்டு, அழுத்திய இயற்கை வாயுவில் ஓட வேண்டும் என்பது ஒன்று. மறுநாளுக்குள் பஸ்களின் எண்ணிக்கை 10,000 ஆக உயர வேண்டும் என்பது மற்றொன்று.

முதற்கட்டளை எளிதில் நிறைவேறவில்லை. 2001 ஏப்ரல் தொடக்கத்தில் போதிய பஸ்கள் ஓடாமையால் மக்கள் வீதிகளில் தவித்தனர். ஓடிய சில பஸ்களின் கூரைமீதும் ஏறினர். வாயு நிரப்பும் நிலையங்களின் முன் பஸ்களும் ஆட்டோக்களும் இரவெல்லாம் வரிசையில் காத்துக் கிடந்தன. நீதிமன்றம் தளரவில்லை. 2002 ஏப்ரலில், டீஸலில் ஓடும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் விதித்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் மாற்றம் ஏறத்தாழ முடிந்தது. டீஸல் எரிகையில் எழும் கரித்துகள் இயற்கை வாயுவில் மிகக் குறைவு. வேறுபாட்டைக் கண்ணாலேயே காண முடிந்தது.

ஆணையின் மறுபாதி என்னவாயிற்று? 10,000 பஸ்கள் குறித்த நாளில் வரவில்லை. பஸ்ஸுக்காகக் காத்துச் சலித்தவர்கள், கையில் பணம் சேர்ந்ததும் ஸ்கூட்டரும் காரும் வாங்கினர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒரு பஸ்ஸில் செல்லும் ஐம்பது பேர் காருக்கு இருவராகப் புறப்பட்டால், சாலையில் இருபத்தைந்து வண்டிகள் நிற்கும். அந்நாளில் டீஸல் விலை மலிவாயிருந்தமையால் டீஸல் கார்களும் பெருகின. பஸ்ஸை விட்டு நீங்கிய புகை கார்களின் வழியே திரும்பி வந்தது. தலைநகரின் மாசுக்கு வண்டிகள் மட்டும் காரணமல்ல. புழுதியும், ஆலைகளும், அறுவடைக்குப் பின் வயல்களில் எரிக்கும் தாளும் உண்டு. எனினும் ஆண்டு முழுதும் நம் மூக்கருகே நிற்பவை வண்டிகளே.

2002 டிசம்பரில் மெட்ரோ ரயில் ஷாதராவிலிருந்து தீஸ் ஹஸாரி வரை ஓடத் தொடங்கியது. அது பெரும் உதவிதான். ஆயினும் நிலையத்துக்குச் செல்லப் பலருக்குப் பஸ்ஸே வேண்டியிருந்தது. 2008-ல் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை, சுமார் ஆறு கிலோமீட்டருக்குப் பஸ்களுக்கெனத் தனிப் பாதை ஒதுக்கினர். கார் வைத்திருப்போரின் எதிர்ப்பு வலுத்தது. 2012-ல் உயர் நீதிமன்றம் அப்பாதைக்கு எதிரான மனுவைத் தள்ளியும், பின்னர் அரசே அதை அகற்றியது.

2016 ஜனவரியில் பதினைந்து நாட்கள், ஒற்றைப்படை எண் கார்களும் இரட்டைப்படை எண் கார்களும் மாறி மாறி ஓடலாம் என அரசு விதித்தது. காரை விட்டு வருவோரை ஏற்றிச் செல்லப் பஸ்கள் போதவில்லை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, பள்ளிப் பஸ்களை அழைத்தே அந்தப் பதினைந்து நாட்களையும் சமாளித்தனர்.